ஒரு பாகம் மட்டும் பாக்கி

1

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நான்கு அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் குழல், ஒன்றில் விசை, ஒன்றில் தோளில் பதியும் கட்டை, ஒன்றில் தொலைநோக்கி. நான்கையும் சேர்த்தால் ஒரு ரைஃபிள் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. இன்னும் ஒரு பாகம் பாக்கி. அதை வாங்குவதா வேண்டாமா என்பதில்தான் போன வருஷம் எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

ஊரில் இருந்து படிக்கிறவர்கள் பதறாமல் இருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. யாரோடும் எனக்குப் பகை கிடையாது. கல்கத்தா லேக் கார்டன்ஸில் வளர்ந்த, ரயில்வே குமாஸ்தாவின் மகள் நான். பெயர் மைதிலி. இப்போது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், ஒரு சின்ன ஊரின் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். சனிக்கிழமைகளில் சோளக்காட்டை ஒட்டிய சுடுதளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுகிறேன். காகிதத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால்கூட என் கணவர் சுந்தர்தான் வந்து அடிக்க வேண்டும்.

இந்த நவம்பரோடு நாங்கள் இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இப்படிப்பட்ட நாளில் முதல் பனியைப் பற்றியும், கிடைக்காத கறிவேப்பிலையைப் பற்றியும் எழுதுவது வழக்கம். எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு பேஸ்மென்டுக்கே போய்ப் போய் நின்றது. சரி, அதையே எழுதிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

2

பவானிபூரில் நான் படித்த கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தால் அணிவகுப்பு முடிந்ததும் தின்னத் தருவார்கள். மைதாவில் பொரித்த லுச்சி இரண்டு, உருளைக்கிழங்குக் கறி, ஒரு முட்டை. நான் முட்டை சாப்பிடாத வீட்டுப் பெண். முட்டையை ரூமாவிடம் கொடுத்துவிட்டு அவளுடைய லுச்சியை வாங்கிக்கொள்வேன். சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. ரூமா வங்காளிப் பெண், என்னைவிட ஒரு தலை உயரம், யாருக்கும் பயப்படாதவள். எங்கள் இருவரையும் ஒருநாள் சுடுகளத்துக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்தார்கள். என் குண்டுகள் எல்லாம் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. ரூமாவுடையவை நாலணாவுக்குள். அன்று சாயங்காலமே இருவரும் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரைஃபிள் கிளப்பில் போய் நின்றோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிளப்பில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ரைஃபிள். அதையும் யாரோ ஆறடி ஆணுக்கென்று செய்திருந்தார்கள். ரூமாவுக்கு அது பொருந்திவிட்டது. எனக்குக் கட்டை நீளம். தோளில் சரியாகப் பதித்தால் விரல் விசைக்கு எட்டாது. விரல் எட்டினால் தோள் நழுவும். நான் ஆமை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு சுடுவேன். அப்படியும் சுட்டேன். குண்டுகளை அளந்துதான் தருவார்கள் என்பதால் ஒவ்வொன்றையும் வங்காளத்தில் எண்ணுவோம். எக், துய், தீன்.

கிளப்பில் எப்படியோ வந்துசேர்ந்த வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்று இருந்தது. அட்டை கிழிந்தது. துப்பாக்கியை முழுசாக விற்காமல் பாகம் பாகமாக விற்கிற கடையினுடையது. பயிற்சி முடிந்ததும் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, ஜால்முரி என்கிற காரப்பொரிப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு நானும் ரூமாவும் பாகம் பொறுக்குவோம். கூடப் படித்த பெண்கள் கரியாஹாட்டில் புடவைக் கடை ஏறி, இந்த உடலுக்கு அந்தக் கரை என்று பார்ப்பார்களே, அது மாதிரி. இந்தக் குழலுக்கு அந்தக் கட்டை. விலையைப் பார்க்கக்கூடாது என்பது மட்டும் விதி.

சொந்தமாக லைசென்ஸ் வாங்கலாமா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று முடித்துவிட்டார். எழுபதுகளில் அந்தத் தெருவில் நடந்த துப்பாக்கிச் சூடுகளை அவர் கண்ணால் பார்த்தவர். நான் வாதாடவில்லை. அப்புறம் ஒரு வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் உரிமம் உள்ள துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். கிளப் ரைஃபிளும் போயிற்று. அது திரும்பி வருவதற்குள் ரூமாவின் அப்பா போய்விட்டார். மாநில அணித் தேர்வுக்குப் போக வேண்டியவள், பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதுகிற டிரில் டீச்சராகச் சேர்ந்தாள். எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

திருச்சியிலிருந்து பெண் பார்க்க வந்த சுந்தர், பாடத் தெரியுமா என்று கேட்டதற்கு, அம்மா தலையைக் குனிந்துகொண்டு, சுடத் தெரியும் என்றாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. அதனால்தான் நான் சம்மதித்தேன்.

3

இங்கே வந்து பத்து வருஷம் நான் ரைஃபிளைத் தொடவில்லை. ஸ்வாதி பிறந்தாள், பனியில் கார் ஓட்டப் பழகினேன், விசாவிலிருந்து கிரீன் கார்டுக்கு வந்து சேர்ந்தோம். எதற்கெடுத்தாலும் ஒரு படிவம், ஒரு வரிசை, ஒரு காத்திருப்பு. இதற்கிடையில் நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருநாள் தன் கணவர் போகும் சுடுதளத்துக்கு என்னை அழைத்துப் போனாள். படுத்தேன். உடம்பு மறக்கவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெரியவர், நான் என்ன ஜெபம் சொல்லிக்கொண்டே சுடுகிறேன் என்று விசாரித்தார். எக், துய், தீன் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறு வருஷம் நூலக வாசலில் உறைபனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிய பிறகும், ஒவ்வொரு குண்டையும் ஏற்றுவதற்குப் போல்ட் என்கிற கைப்பிடியை இழுத்துத் தள்ளும்போது கண்ணில் தண்ணீர் வரும். அப்போதுதான் சுடுதளத்தில் சொன்னார்கள், செமி ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிடு என்று. ஒருமுறை அழுத்தினால் ஒரே குண்டுதான். அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கைக்கு வேலை இல்லை. அறுநூறு கஜத்துக்கு அதிலேயே குறிபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இங்கே பலரும் அதைக் கடையில் முழுசாக வாங்குவதில்லையாம். ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தாங்களே சேர்த்துக்கொள்கிறார்களாம்.

அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் போன் கார்டைச் சுரண்டி ரூமாவைக் கூப்பிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. போல்ட்டைக் கையால் இழுக்காமல் சுடுவதெல்லாம் ஒரு சுடுதலா, தானாக வந்து விழுவதற்கு அது என்ன குழாய்த் தண்ணீரா என்றாள். மணிக்கட்டைச் சொன்னேன். பிறகு கேட்டாள்: "கட்டை எப்படி? உன் கைக்கு எட்டுமா?"

அவ்வளவுதான், மறுபடியும் ஏரிக்கரை பெஞ்சுக்கு வந்துவிட்டோம். ஞாயிறு தவறாமல் போன். குழல் கனமானதா லேசானதா என்று ஒரு மாசம் போயிற்று. கனமானதுதான் என்று ரூமா நின்றாள். படுத்துத்தானே சுடப்போகிறாய், தூக்கிக்கொண்டு எங்கே ஓடப்போகிறாய் என்பது அவள் கட்சி. விசையில் எனக்கு லேசாகத் தொட்டாலே போகிற மாதிரி ஆசை. அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. முதலில் கொஞ்சம் இழுத்து நிற்க வேண்டும், நின்ற இடத்தில் உனக்கு யோசிக்க ஒரு நொடி கிடைக்க வேண்டும், அதன் பிறகுதான் விட வேண்டும் என்றாள். அவள் சொன்ன மாதிரியே வாங்கினேன். பாகங்களின் படம் பார்க்க பவானிபூரில் ஒரு சைபர் கஃபேக்குப் போய் உட்காருவாளாம். கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாள்.

கட்டை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சமையலறையில் பெட்டியைப் பிரித்தேன். பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருகத் திருகக் கட்டை உள்ளே போயிற்று. தோளில் வைத்தேன். கை எட்டியது, கன்னம் பதிந்தது, கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். இந்த நாட்டில் என் கார் சீட்டு, சமையலறை மேடை, கடையில் வாங்குகிற கோட்டு எல்லாமே இன்னொருத்தர் அளவு. கல்கத்தாவிலும் அப்படித்தான். என் அளவுக்கென்று நானே பார்த்து வாங்கிய முதல் பொருள் அது.

கடைசியாக ஒரு பாகம் நின்றது. ரிசீவர் என்பார்கள். மற்ற எல்லாம் வந்து பொருந்துகிற உடம்பு அது. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக, பார்த்தால் மிக்ஸியின் உதிரிபாகம் மாதிரி இருக்கும். இந்த நாட்டுச் சட்டத்துக்கு அதுதான் துப்பாக்கி. எண் பொறித்திருப்பது அதில்தான். மற்ற எதை வேண்டுமானாலும் தபாலில் வரவழைக்கலாம். அது வெறும் இரும்பு. ரிசீவரை மட்டும் உரிமம் உள்ள கடையில் நேரில் போய், படிவம் நிரப்பி, விசாரணை முடிந்த பிறகுதான் வாங்க வேண்டும். அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

4

எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டில் ஆயுத பூஜை, துர்கா பூஜை நவமியன்று வரும். தெரு முனைப் பந்தலில் டாக் மேளம் அடிப்பார்கள். உள்ளே அப்பா தன் ஆபீஸ் பேனாக்களுக்கும், அண்ணன் சைக்கிளுக்கும், அம்மாவின் அரிவாள்மணைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். எங்கள் பாடப் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திவிடுவார். மறுநாள் காலை மறுபூஜை முடிந்து எடுத்துத் தரும் வரை தொடக்கூடாது. வங்காளிகளுக்குப் புத்தகம் தொடக்கூடாத சரஸ்வதி பூஜை குளிர்காலத்தில் வரும். நான் இரண்டையும் கொண்டாடுவேன். ரூமாவுக்கு அதில் பொறாமை.

ஒஹையோவில் பூஜையைச் சுந்தர் எடுத்துக்கொண்டார். வீட்டில் சோறு போடுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. லேப்டாப், இரண்டு கார்ச் சாவி, காய்கறிக் கத்தி, பனி தள்ளுகிற மண்வெட்டி, ஸ்வாதியின் புத்தகங்கள், அவளுடைய கிளாரினெட். போன வருஷ ஆயுத பூஜையன்று எனக்கு நூலகத்தில் சாயங்கால முறை. இருட்டிய பிறகு வந்தேன். கூடத்துக்குள் கால் வைத்ததுமே பூஜைப் பலகையைப் பார்த்தேன்.

பேஸ்மென்டில் இருந்த நான்கு பெட்டிகளையும் அவர் மேலே கொண்டுவந்து பிரித்திருந்தார். "உன் ஆயுதத்த விட்டுட்டு என்னடி ஆயுத பூஜை?" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். கட்டைக்கு ஒரு பொட்டு. விசைக்கு ஒரு பொட்டு. மாசக்கணக்கில் பேசிப் பேசி வாங்கிய தொலைநோக்கியின் கண்ணாடிக்கு நட்டநடுவில், தடித்த சந்தனத்தின் மேல் குங்குமம். திருச்சியில் இவர்கள் வீட்டு லாரி முகப்பில் வைத்துப் பழகிய கை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மோசமானது அதுவல்ல. பலகையில் இடம் இல்லை என்று குழலை எடுத்து ஸ்வாதியின் புத்தக அடுக்கின் மேல் குறுக்காக வைத்திருந்தார். அதற்கும் மூன்று பொட்டு.

ஸ்வாதிக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போவது அவளுக்குத் தெரியும். அங்கே கிளப் ரைஃபிளில் சுடுகிறேன் என்பதும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். பெட்டிகளைப் பற்றித் தெரியாது. பேஸ்மென்டுக்கு அவள் வருவதே இல்லை. டியூஷன் முடிந்து வந்தவள் ஷூவைக் கழற்றியபடியே பலகையைப் பார்த்தாள். அது என்ன என்று அப்பாவைக் கேட்டாள். அம்மா தன் கையாலேயே ரைஃபிள் செய்யப்போகிறாள் என்று அவர் பெருமையாக விளக்கினார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு ஷூவோடு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவளுக்குச் சரித்திரப் பரீட்சை. புத்தகம் அந்த அடுக்கில்தான் இருந்தது. சாஸ்திரத்தை மீறி நானே துணியை விலக்கி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்த புக் எனக்கு வேண்டாம்மா. அது மேல அது இருந்துச்சு."

அவள் படிக்காமலே பரீட்சை எழுதினாள். மறுபூஜை முடிந்த பிறகும் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, தொலைந்துவிட்டதாகச் சொன்னாளாம். அது எங்கள் பூஜை அலமாரியிலேயே இருந்தது. அந்த வாரக் கடைசியில் வந்து, ஒப்பித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி, "அது கன் ஆச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். எமிலி வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். எமிலி அவளுடைய பள்ளித் தோழி. எமிலியின் அம்மாவிடம் கேட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

5

நான் வக்கீல் மாதிரி வாதாடினேன். பூட்டுள்ள இரும்புப் பெட்டி வாங்குகிறேன் என்றேன். குண்டுகளை வீட்டில் வைக்கவே மாட்டேன் என்றேன். சுடுதள லாக்கரிலேயே வைத்துவிடுகிறேன் என்றுகூட இறங்கி வந்தேன். எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள், எதற்கும் சம்மதிக்கவில்லை. டிவி செய்தியில் வருகிற யாரோடோ என்னையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் பெற்ற பெண், என் தமிழில் பாதிக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், என் வீட்டில் எது இருக்கலாம் என்று எனக்கே சட்டம் போடுகிறாள். நீ முதல்ல அவகிட்ட பேசு என்பார் சுந்தர். பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று அவர் மேல் பாய்வேன்.

கோபத்திலேயே ஒருநாள் கடைக்குப் போனேன். ஊர் எல்லையில் மீன்பிடி தூண்டிலும் துப்பாக்கியும் விற்கிற கடை. கடைக்காரர் மரியாதையான மனிதர். படிவத்தை நிரப்பினேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் கொல்கத்தா என்று எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டில் இருப்பது கல்கத்தா. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் எங்கேயும் குடிபெயரவில்லை, ஊரின் பெயரைத்தான் எழுத்து மாற்றிவிட்டார்கள் என்று விளக்கினேன். நம்பினார். ஆனாலும் தன் உரிமத்துக்கு ஆபத்து வரக்கூடாதே என்ற பயத்தில், இன்னொரு அத்தாட்சியோடு வாருங்கள், அதுவரை எடுத்து வைக்கிறேன் என்றார். எரிச்சலில் வாய் தவறி, சரி என்பதை வங்காளத்தில் "டீக் ஆசே தாதா" என்றேன். தாதா என்றால் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் அண்ணன் என்றேன். அவருக்கு ஏக சந்தோஷம். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் சொல்லவில்லை.

டிசம்பரில் கல்கத்தா போவதாக இருந்தோம். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். விமானத்தில் ஸ்வாதி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

6

ரூமாவை ஸ்வாதிக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ரூமா மாஷி என்று கூப்பிடுவாள். மாஷி என்றால் சித்தி. ரூமா கழுத்தில் விசிலோடு வருவாள், குழந்தைகளிடம் குழைந்து பேசமாட்டாள், பெரியவர்களிடம் பேசுகிற மாதிரியே பேசுவாள். அதுதான் பிடித்திருக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் ஒருநாள் மூவருமாகக் கரியாஹாட் போனோம். நடைபாதைக் கடைகளில் ஸ்வாதிக்கு இரண்டு குர்த்தா எடுத்தோம். ரூமா தன் இங்கிலீஷில் பேரம் பேசிக் காட்ட, ஸ்வாதி வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். அப்புறம் மேம்பாலத்துக்கு அடியில், சதுரங்கம் ஆடுகிறவர்களைத் தாண்டி ஒரு சிமென்டு மேடையில் உட்கார்ந்து, பரோட்டாவில் சுற்றிய ரோல் சாப்பிட்டோம். தலைக்கு மேல் பஸ் போகிற சத்தம். ரூமா வாயைத் துடைத்துக்கொண்டு நேராகவே கேட்டாள், அம்மாவின் ரைஃபிள் உனக்கு ஏன் வேண்டாம் என்று.

அதை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்வாதி கையில் இருந்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் மாசத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்சி நடக்குமாம். துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று. டீச்சர் கதவைப் பூட்டி விளக்கை அணைத்துவிடுவார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். ஒரு சத்தம் வரக்கூடாது. பிரின்சிபால் வராந்தாவில் நடந்து வந்து ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் ஆட்டிப் பார்ப்பாராம். ஸ்வாதிக்குக் குளிர் நாளில் கொஞ்சம் இழுப்பு உண்டு. பயந்தால் அதிகமாகும். அந்த இருட்டில் அவள் மூச்சு மட்டும் எல்லாருக்கும் கேட்குமாம். பக்கத்தில் உட்காருகிற பெண் இவள் வாயைப் பொத்துவாளாம். நிஜமாக நடந்தால் உன்னால்தான் எல்லாரும் சாவோம் என்று ஒருத்தி சொன்னாளாம்.

இதெல்லாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து நடக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு என்ன டிபன் கட்டலாம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்வாதி என்னைப் பார்க்காமல், தமிழுக்கு மாறி, மீதியைச் சொன்னாள்.

"முன்னாடி எல்லாம் வெளியில யாரு நிக்கிறான்னு தெரியாதும்மா. சும்மா இருட்டுதான். இப்ப ஹேண்டில் ஆடறப்போ எனக்கு அது தெரியுது. அதுக்கு சந்தனம் குங்குமம் வச்சிருக்கு."

ரூமாவுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். வங்காளத்தில் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சதுரங்கக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி காய்களுக்குள் போனார்.

ரூமா கையைக் கைக்குட்டையில் துடைத்தாள். ஸ்வாதியைத் தன் பக்கம் திருப்பி நிமிர்ந்து உட்கார வைத்தாள். மூச்சை எப்படி வாயைத் திறக்காமல் மூக்கால் மெல்ல இழுப்பது, பாதியை விட்டு மீதியை வைத்துக்கொண்டு நிற்பது, நெஞ்சு தூக்காமல் வயிறு மட்டும் அசைவது எப்படி என்று காட்டினாள். சுடுவதற்கு முன்னால் நாங்கள் செய்வதுதான். என்னையும் செய்யச் சொன்னாள். அந்த நெரிசலில், மேம்பாலத்துக்கு அடியில், மூன்று பேரும் சத்தம் வராமல் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்வாதிக்கு நாலாவது தடவையில் வந்துவிட்டது.

அப்புறம் ரூமா என்னிடம் சொன்னாள், "ஓட்டா கின்பி நா." அதை வாங்காதே.

ஸ்வாதிக்கு அந்த அளவு வங்காளம் புரியும். ஆச்சரியத்தோடு கேட்டாள், நீங்களும் அம்மாவும் சேர்ந்துதானே எல்லாம் தேர்ந்தெடுத்தீர்கள், உங்களுக்கு ஆசை இல்லையா என்று.

"ஆசைதான்," என்றாள் ரூமா. "இப்பவும் ஆசைதான்."

ஸ்வாதியை லேக் கார்டன்ஸில் இறக்கிவிட்ட பிறகு, ரூமாவை பஸ் ஏற்றிவிட நடந்தபோது நான் அவளிடம் சண்டை போட்டேன். எனக்கு அழுகையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. என் ரைஃபிளைப் பற்றி முடிவெடுக்க நீ யார் என்று கேட்டுவிட்டேன். அதில் பாதி என்னுடையது என்றாள். குழல் யார் சொன்னது, விசை யார் சொன்னது என்று கேட்டாள். "என் பாதி வேண்டாம்னு சொல்லிட்டேன். உன் பாதியை வச்சுக்கிட்டு நீ எதைச் சுடுவே?" பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

7

ஒஹையோவுக்குத் திரும்பியதும் கடைக்காரருக்குப் போன் செய்து, எடுத்து வைத்ததை விற்றுவிடச் சொன்னேன். காகிதத்தில் இன்னும் ஏதாவது சிக்கலா என்று கேட்டார். காகிதத்தில் இல்லை என்றேன்.

ஸ்வாதியிடம் சொன்னேன். சரி என்று தலையசைத்தாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து, உனக்கு வருத்தமா என்று கேட்டாள். ஆமாம், ரொம்ப என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

பெரிய தியாகம் செய்தவள் போல இதை நான் எழுதவில்லை. வருத்தம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமைகளில் மணிக்கட்டு வலிக்க வலிக்கக் கிளப் ரைஃபிளிலேயே சுடுகிறேன். எப்போதாவது வீட்டில் யாரும் இல்லாதபோது பேஸ்மென்டுக்குப் போய்க் கட்டையை மட்டும் எடுத்துத் தோளில் வைத்துப் பார்ப்பேன். அவள் காலேஜுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ரூமா போனில் சொல்கிறாள். அதற்குள் இதைவிட நல்ல குழல் வந்துவிடுமாம். நான் உம் கொட்டுகிறேன்.

ஒரு மாற்றம் உண்டு. அந்தப் பயிற்சி நடக்கிற நாட்களில் ஸ்வாதி இப்போது வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுகிறாள். எந்த மூலையில் உட்கார்ந்தாள், யார் அழுதார்கள், பிரின்சிபால் கைப்பிடியை எத்தனை தடவை ஆட்டினார் என்று எல்லாம். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

போன வாரம் வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னிக்கு என் மூச்சு யாருக்குமே கேக்கலம்மா. பக்கத்துல இருந்தவளுக்குக்கூடக் கேக்கல. நான் இருக்கேனான்னு தொட்டுப் பாத்தா."

சபாஷ் என்று கட்டிக்கொண்டேன். ரூமா மாஷியிடம் சொல்ல வேண்டும் என்றாள், உடனே போன் போடலாம் என்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. அவள் துள்ளிக்கொண்டு மாடி ஏறினாள். இருட்டில், இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் உட்காரத் தெரிந்துகொண்டுவிட்டாள் என் பெண். அதற்குத்தான் சபாஷ் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.